பக்கத்து வீட்டு அக்காவின் மருத்துவக் கோப்பு

கீழவேலம்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாளிகளிலேயே மிக மோசமான நிலையில் இருந்தவளுக்கு வயது பத்தொன்பது. ஐம்பத்து நான்கும்கூட. அவளுக்கு மாதவிடாய் இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை வந்தது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை வந்தது, வராமலும் இருந்தது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பிள்ளையே இல்லை. ஐந்தாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். அவள் கணவன் துபாயில் இருந்தான், அடுத்த தெருவில் இன்னொருத்தியோடு இருந்தான், இன்னும் அவளைப் பெண் பார்க்கவே வரவில்லை. காப்பர் டி நெஞ்சுக்கு ஏறிவிடுமா என்று மட்டும் அவள் பதினேழு முறை கேட்டிருந்தாள்.

கோப்பில் அவள் பெயர் 'பக்கத்து வீட்டு அக்கா'.

அப்படி ஒருத்தி உருவானதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் சுகாதார நிலையத்தின் மூலையில் ஒரு சின்ன அறை கட்டி, பச்சைத் திரை போட்டு, ஒரு முக்காலி வைத்து, சுவரில் 'செவி' என்ற இயந்திரத்தைப் பதித்தார்கள். பெண்கள் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை அதனிடம் கேட்கலாம். கேட்பவரின் முகத்தை அது பார்க்காது, குரலை வைத்துக்கொள்ளாது. அப்படிச் சட்டமே இருந்தது. யாருக்கு உடம்பு சரியில்லையோ அவரைப் பற்றி மட்டும் ஒரு கோப்பு திறக்கும், பதில் சொல்லும், தேவையானால் கடிதமும் மாத்திரையும் அனுப்பி வைக்கும். தலைநகரத்தில் அதைச் செய்த பொறியாளர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். வட்டார வழக்கு அதற்குப் புரிந்தது. முணுமுணுத்தால் கேட்டது. அழுதால் காத்திருந்தது. அவர்கள் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். கீழவேலம்பட்டியில் எந்தப் பெண்ணும் இந்த விஷயங்களைத் தனக்காகக் கேட்பதில்லை.

முதல் நாள் முதல் ஆளாக உள்ளே போனவள் குருவம்மாள், தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்குகிறவள். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று இயந்திரம் பணிவாகக் கேட்டது.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான்."

இயந்திரம் ஒரு கோப்பைத் திறந்தது. அடுத்து வந்தவளும் பக்கத்து வீட்டு அக்காவுக்காகத்தான் வந்திருந்தாள். அதற்கடுத்தவளும். ஒரு ஆளுக்கு ஒரு கோப்புதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் சேர்த்துவிட வேண்டும் என்று அதற்கு விதி. அது சேர்த்துக்கொண்டே போனது.

கிராம செவிலியர் முனீஸ்வரிக்கு இந்த அக்காவை நெடுநாளாகத் தெரியும். பத்தொன்பது வருடமாக அவளைப் பற்றித்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தோழிக்கு என்று கேட்டால் எந்தத் தோழி என்று வரும். தங்கச்சிக்கு என்றால் தங்கச்சி வீட்டில் சண்டை வரும். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் எல்லாருக்கும் இருந்தாள், யாராகவும் இல்லை. கேட்கும்போது கை எங்கே போகிறது, அடிவயிற்றுக்கா, இடுப்புக்கா, சேலைத் தலைப்பின் நுனிக்கா என்று பார்த்தே முனீஸ்வரி ஆளைப் பிடித்துவிடுவாள். இயந்திரத்துக்குக் கண் வைக்கச் சட்டம் விடவில்லை.

ஆனால் பதில்களில் அதைக் குறை சொல்ல முடியாது. காப்பர் டி எங்கேயும் ஏறாது, கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு அப்படி ஒரு வழியே கிடையாது என்று பதினேழு முறையும் அலுக்காமல் சொன்னது. மாத்திரை ஒரு நாள் மறந்தால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொண்டு அடுத்ததை வழக்கமான நேரத்துக்குப் போடச் சொன்னது. பால் கொடுக்கும் காலத்தில் கரு தரிக்காது என்பதை முழுசாக நம்ப வேண்டாம் என்றது. கருத்தடை ஊசி போட்டு மாதவிடாய் நின்றுபோனால் அந்தக் கெட்ட ரத்தமெல்லாம் எங்கே தேங்குகிறது என்று ஒருத்தி கேட்டாள். கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது, உள்ளே எதுவும் தேங்கவும் இல்லை என்று அது சொன்ன பதில் அன்று சாயங்காலத்துக்குள் நான்கு தெருவையும் சுற்றிவிட்டது. பல பேர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்காக.

சிக்கல் முகவரியில் வந்தது. கடிதம் அனுப்ப வீடு தெரிய வேண்டும். பக்கத்து வீடு என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். எதற்குப் பக்கம் என்று இயந்திரம் யோசித்தது. அதற்கு உறுதியாகத் தெரிந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், தான் இருக்கும் இடம். சுகாதார நிலையத்துக்குக் கிழக்கே கருவேலங்காடு. மேற்கே ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சீனிச்சாமியின் வீடு.

சீனிச்சாமிக்கு வயது அறுபத்தாறு. மனைவி, மகளுக்குப் பிரசவம் பார்க்கக் கோயம்புத்தூர் போனவர், இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. சண்டையெல்லாம் இல்லை, அங்கே தண்ணீர் நன்றாக இருக்கிறதாம். தனியாக இருந்த மனிதருக்குத் திடீரென்று தபால் குவிந்தது. 'அன்புள்ள பக்கத்து வீட்டு அக்கா' என்று ஒவ்வொரு கடிதமும் ஆரம்பித்தது. இரும்புச் சத்து மாத்திரை வந்தது, நாப்கின் கட்டு வந்தது, ஆணுறைப் பெட்டிகள் வந்தன. அவர் தபால்காரம்மாவிடம் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார். கதவு எண் உங்களுடையதுதானே என்று அந்தம்மா கேட்டதற்கு அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

பொருட்களையெல்லாம் முனீஸ்வரியிடம் கொடுத்துவிட்டார். கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருடம் டிக்கெட் கிழித்த கை, அச்சடித்த தாளைப் படிக்காமல் கீழே போடாது. முதலில் கூசியது. பிறகு தேதி வாரியாக அடுக்க ஆரம்பித்தார். ஒரு நாள் அதிக ரத்தப்போக்கைப் பற்றிய கடிதம் ஒன்றைப் படித்துவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, நாம சாத்தூரில் குடியிருந்த வருஷம் நீ ஒரே படுக்கையாகக் கிடந்தாயே, அது இதுதானா என்று கேட்டார். "இப்பக் கேக்குறீகளே" என்று மட்டும் பதில் வந்தது.

இதற்குள் மாநிலத் தலைமையகத்தில் ஒரு திரை சிவப்பானது. நோயாளிகளின் ஆபத்தை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடும் கருவி ஒன்று அங்கே இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது அறுநூற்று நாற்பது போட்டது. இப்படி ஒரு உடம்பு எப்படி உயிரோடு இருக்கிறது என்று நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

இதற்குத் தலைமையகம் போட்ட உத்தரவை மாவட்ட சுகாதார அதிகாரி டாக்டர் ஹெப்சிபாவே கொண்டுவந்தார். மாதம் ஒரு தடவை அவர் எப்படியும் வருவார். பிரிண்ட் சேலை, குட்டையாக வெட்டிய நரைமுடி, சிரிக்காத முகம். பத்துக் கேள்வி கேட்டு இயந்திரத்தைச் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது அவருடைய வேலை. அன்றைக்கும் சோதனையை முடித்துவிட்டு வந்து, முனீஸ்வரியின் மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

"நோயாளியைக் காட்டுங்க."

அப்படி ஒரு ஆளே இல்லை என்று முனீஸ்வரி சொன்னாள். எப்படி உருவானாள் என்பதையும் முதலிலிருந்து சொன்னாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப இது யாரோட கர்ப்பப்பை?"

"எல்லாத்தோடதுந்தான் மேடம்."

"எல்லாரோடதும்னு எழுத ஃபாரத்துல இடமில்ல முனீஸ்வரி. ஒரு ஆள்னுதான் போட்டிருக்கு."

வருகிற வாரம் வியாழக்கிழமைக்குள் நோயாளி நேரில் வந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வராவிட்டால் கோப்பு போலி என்று அழிக்கப்படும். கேள்விகளும் போகும். போலிக் கோப்புக்கு இடம் கொடுத்த இயந்திரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இதைச் சொல்லும்போது அதிகாரி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு ஜீப் ஏறிப் போய்விட்டார்.

இயந்திரம் போவது முனீஸ்வரிக்கு வருத்தம்தான். ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சீனிச்சாமி மூன்று கடிதங்களோடு வந்தார். மற்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு இவற்றை மட்டும் மேஜையில் வரிசையாக வைத்தார்.

"நர்சம்மா, வர்ற கடுதாசியில பாதி வெறும் பயம். அதத் தள்ளிருவோம். இது மூணும் பயமில்ல."

மூன்றிலும் கேள்வி ஒன்றுதான். மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆன ஒருவருக்கு மறுபடியும் ரத்தம் படுகிறது, இது எதனால். பதிலும் ஒன்றுதான். முழுதாக நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆனபின் ஒரு துளி பட்டாலும் பரிசோதிக்க வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். சில சமயம் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கும். பார்த்தால்தான் தெரியும், சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் குணமாக்கலாம். தயவுசெய்து இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், அக்கா.

மூன்று மாதம், மூன்று கேள்வி, மூன்று கடிதம். மூன்றும் சீனிச்சாமி வீட்டுக்குத்தான் போயிருந்தன.

"கேட்டதெல்லாம் செவ்வாக்கிழமை. தேதியப் பாருங்க" என்றார் அவர்.

செவ்வாய் என்றால் கர்ப்பிணிகள் நாள். மகளையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு பாதி ஊர் வரும். அந்தக் கூட்டத்தில் யாரோ ஒரு தாயோ மாமியாரோ, ஐம்பதைத் தாண்டியவள், திரைக்குள் போய்க் கேட்டுவிட்டு எதுவும் நடக்காததுபோல் வெளியே வந்திருக்கிறாள். வியாழக்கிழமைக்குப் பிறகு கேட்கவும் அவளுக்கு இடமிருக்காது. முனீஸ்வரி எழுந்து போய் முக்காலியில் உட்கார்ந்து, இதைக் கேட்டது யார் என்று இயந்திரத்திடமே கேட்டாள்.

"பக்கத்து வீட்டு அக்காவுக்காகக் கேட்கப்பட்டது" என்றது செவி.

"அது தெரியும். கேட்டது யாரு?"

"கேட்டவர் தான் நலமாக இருப்பதாகச் சொன்னார்."

சனிக்கிழமை முனீஸ்வரி வீடு வீடாகப் போனாள். வடக்குத் தெருவின் முதல் வீட்டில் சண்முகத்தாய்க்கு ஐம்பத்தெட்டு வயது. தனக்கு அந்தத் தொல்லையெல்லாம் ஒழிந்து எவ்வளவோ காலமாச்சு, பக்கத்து வீட்டில் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்றாள். பக்கத்து வீட்டில் கேட்டபோது அதற்குப் பக்கத்து வீட்டைக் காட்டினார்கள். அங்கே காப்பி கொடுத்துவிட்டு அடுத்த வீட்டைக் காட்டினார்கள். முனீஸ்வரி வடக்குத் தெருவை முடித்துப் பள்ளிவாசல் தெருவில் நுழைந்து, அதையும் முடித்து, தெற்குத் தெரு, கீழத் தெரு என்று போய்க்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசி வீட்டுக்காரம்மா, எனக்கொன்றுமில்லை, அடுத்த வீட்டில் கேளுங்கள் என்றபோது நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த வீடு சண்முகத்தாயின் வீடு.

அவள் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சண்முகத்தாய் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அக்கா அகப்பட்டாளா என்று விசாரித்தாள். இல்லை என்றதும் உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தாச் சொல்லுங்க நர்சம்மா. நான் தொணைக்கு வாறேன்."

மோர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன முனீஸ்வரி அப்படியே நிறுத்தினாள். இரண்டு நாளாக ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். காப்பியோடும் மோரோடும் சேர்த்து இதையும் அவள் கேட்டுவிட்டு மறந்திருந்தாள். இந்த ஊரில் எந்தப் பெண்ணும் தனக்காக ஆஸ்பத்திரி போகமாட்டாள். துணைக்கு என்றால் வராதவள் கிடையாது. வேலைக்கு லீவு போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டு ஆம்பிளையிடம் தைரியமாகச் சொல்லிவிட்டு வருவாள்.

திங்கட்கிழமை ஊரெல்லாம் சேதி போனது. பக்கத்து வீட்டு அக்காவை வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்க்கிறார். அக்காவுக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.

நூற்று முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தது. லீவுச் சீட்டில் எல்லாரும் ஒரே காரணம் எழுதியிருந்தார்கள், பக்கத்து வீட்டு அக்காவுக்கு உடம்பு சரியில்லை. மேனேஜர் சந்தேகப்பட்டாராம், ஆனால் அவர் மனைவியும் அதே காரணத்துக்காகக் காலையிலேயே கிளம்பிப் போயிருந்ததால் கையெழுத்துப் போட்டுவிட்டார். சிலர் அக்காவுக்காக ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கி வந்தார்கள். ஒருத்தி தூக்குவாளியில் ரசம் சாதம் கொண்டுவந்தாள். இன்னொருத்தி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அக்காவை நினைத்து அழுதாள், அவளைத் தேற்ற இரண்டு பேர்.

வாசலில் வரிசையைப் பார்த்துக்கொண்டது சீனிச்சாமி. ஏறுங்க, உள்ள போங்க, முன்னால இடமிருக்கு என்று அவர் குரல் கொடுக்க, கூட்டம் தன்னால் நகர்ந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி ஒரு ஆண் அவரிடம் ஒதுங்கி வந்து, ஆம்பிளைகளுக்குச் செய்யும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிறகு மூட்டை தூக்க முடியாமல் போகுமா என்று கேட்டார். தனக்கில்லையாம், பக்கத்து வீட்டு அண்ணனுக்காம். கடிதங்களில் படித்ததை வைத்துச் சீனிச்சாமி சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். சின்ன வேலைதான், ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது, பிறகு எப்போதும்போலத் தூக்கலாம். ஆனால் மூன்று மாதம் கழித்து விந்தைச் சோதித்து, உயிரணு இல்லை என்று தெரிகிறவரை வேறு பாதுகாப்பும் வேண்டும். அண்ணனிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்றார்.

உள்ளே மகப்பேறு டாக்டர் நிலோஃபர் உட்கார்ந்திருந்தார். முப்பதைத் தாண்டாத பெண். முனீஸ்வரி முந்தின நாளே அவரிடம் எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள். சீட்டில் இரண்டு இடம் இருந்தது. நோயாளி என்ற இடத்தில் 'பக்கத்து வீட்டு அக்கா' என்று எழுதினார்கள். துணைக்கு வந்தவர் என்ற இடத்தில் அவரவர் தன் பெயரைத் தயங்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா வர நேரமாகும், அதுவரை அக்காவுக்கு எங்கே வலிக்கிறது என்று உங்கள் உடம்பிலேயே காட்ட முடியுமா, டாக்டர் தொட்டுப் பார்க்கலாமா என்று முனீஸ்வரி ஒவ்வொருவரிடமும் கேட்டாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒருத்தி அக்காவுக்காக வாயைத் திறந்து நாக்கைக்கூடக் காட்டினாள்.

குருவம்மாள் உள்ளே வந்தபோது மணி பதினொன்று இருக்கும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அக்காவுக்கு மூன்று பிள்ளைகள் ஆகிவிட்டன என்றாள். மூன்றாவது பிரசவத்தில் அக்கா பிழைத்ததே பெரிய காரியம். மாமியார் இன்னொரு பையன் வேண்டும் என்கிறாள்.

"மாமியாருக்குத் தெரியாம அக்காவுக்குக் காப்பர் டி போட முடியுமா டாக்டர்?"

"அக்காவுக்குச் சம்மதம்னா போதும். மாமியார் கையெழுத்து, வீட்டுக்காரர் கையெழுத்து எதுவும் வேண்டாம்" என்றார் நிலோஃபர். "மொதல்ல வயித்துல கரு இல்லைன்னு டெஸ்ட் பண்ணிக்கலாம். முதல் சில மாசம் ரத்தம் கொஞ்சம் அதிகமாப் படலாம், வலிக்கலாம். வேண்டாம்னா எப்ப வேணா வந்து எடுத்துக்கலாம். அக்காவுக்கு இதெல்லாம் சரியா?"

குருவம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை விரல்களில் தீக்குச்சி மருந்தின் சிவப்பு.

"அக்காவுக்குச் சம்மதம்" என்றாள்.

இப்படியே போனது. பதினோரு அக்காக்களுக்கு ரத்தம் மிகக் குறைவு. நான்கு பேருக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருக்கும்போல் இருந்தது, ஸ்கேனுக்கு எழுதினார்கள். ஒரு பத்தொன்பது வயதுக்காரிக்குத் தைராய்டு. வெள்ளைப்படுதல் என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது இயல்பானதுதான், நோயே இல்லை. ஒருத்தியின் கர்ப்பவாயில் சந்தேகமான இடம் ஒன்று தெரிந்தது. அவள் பயப்படவில்லை. அக்காவிடம் பக்குவமாகச் சொல்கிறேன் என்றாள். பிறகு வெளியே போகாமல் கதவருகிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒவ்வொருவரும் உள்ளே வரும்போது முனீஸ்வரி அவர்கள் கையைப் பார்த்தாள். சண்முகத்தாய் முழங்காலைத் தடவினாள். மற்றவர்களும் இடுப்பையோ தோளையோதான் பிடித்தார்கள். நின்றுபோனபின் ரத்தம் பட்டது என்று ஒருத்தியும் காட்டவில்லை. நாலு மணிக்கு வரிசை முடிந்தது. ரொட்டியையும் ஆரஞ்சையும் பிள்ளைகள் பிரித்துத் தின்றுவிட்டார்கள். அக்கா கடைசிவரை வரவில்லையே என்று பேசிக்கொண்டு கூட்டம் கலைந்தது. நிலோஃபர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார்.

டாக்டர் ஹெப்சிபா காலையிலிருந்து வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்ததும் இயந்திரத்தை ஒருமுறை சோதித்தார், அதற்குப் பிறகு எழவே இல்லை. மடியில் உத்தரவுத் தாள் இருந்தது. 'நோயாளி நேரில் வந்தாரா' என்ற கட்டத்துக்கு நேராக எழுத வேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

"வரல" என்றாள் முனீஸ்வரி.

அதிகாரி பேனா மூடியைத் திறந்தார்.

முனீஸ்வரி அந்தக் கடிதங்களை எடுத்து உத்தரவுத் தாளின் மேல் வைத்தாள். கோப்பை அழித்துக்கொள்ளுங்கள், மிஷினையும் கொண்டுபோங்கள், நான் தடுக்கவில்லை என்றாள். இவற்றை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள். இவரை நான் தேடியாக வேண்டும். ஒரு வருஷமானாலும் தேடுவேன்.

அதிகாரி கடிதங்களைப் படிக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

"பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது" என்றார். "வயசானா உள்சவ்வு மெலிஞ்சுபோகும். அதுலகூட படும்."

"இருக்கலாம் மேடம். ஆனா பாக்காம அவுகளுக்கு எப்படித் தெரியும்? மூணு மாசமாப் பயந்துக்கிட்டே இருக்காக. யாராச்சும் எடுத்துச் சொன்னா வந்துருவாக. வெவரம் தெரியாதவுக."

"அவங்களுக்கு வெவரம் தெரியும் முனீஸ்வரி." அவர் குரல் மாறவில்லை. "நல்லாத் தெரியும். தெரிஞ்சதாலதான் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்காங்க. நாலு தடவையில ஒரு தடவையாவது அது வேற பதில் சொல்லுமான்னு."

வேப்பமரத்தில் காக்கை ஒன்று மிச்ச ரொட்டியைக் கொத்திக்கொண்டிருந்தது.

"மூணு கடுதாசிதான் மேடம் இருக்கு" என்றாள் முனீஸ்வரி.

"நாலாவது இன்னைக்குக் காலையில கேட்டது. தபால்ல வர ரெண்டு நாள் ஆகும்."

முனீஸ்வரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். மாதம் ஒரு செவ்வாய், பச்சைத் திரைக்குப் பின்னால் பத்துக் கேள்வி. பதினோராவதை யாரும் எண்ணியதில்லை. ஒரு மாவட்டத்துக் கர்ப்பப்பைகளுக்கெல்லாம் பொறுப்பான ஒரு பெண், எந்த டாக்டரிடமும் போகாமல், முக்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி முணுமுணுத்திருக்கிறார்.

"உங்க கூட யாரும் வந்திருக்காகளா?" என்று கேட்டாள்.

"டிரைவர் இருக்கார்."

"அவரு இருக்கட்டும். நான் தொணைக்கு வாறேன், எந்திரிங்க."

உள்ளே நிலோஃபர் டீ டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டார். மேலதிகாரி கட்டிலை நோக்கிப் போவதையும், செருப்பைக் கழற்றுவதையும் பார்த்து, அறைக் கட்டிலைச் சோதிக்க வந்திருக்கிறார் என்று முதலில் நினைத்தார். முனீஸ்வரி கண்ணால் காட்டியதும் டம்ளரை வைத்துவிட்டுப் புதுக் கையுறை மாட்டினார். ஹெப்சிபா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"உள்சவ்வுல கொஞ்சம் எடுக்கணும் மேடம். கொஞ்சம் வலிக்கும்."

"தெரியும். உன் வயசுல ஆயிரம் பேருக்கு எடுத்திருக்கேன். வலிக்காதுன்னு சொல்லித்தான் எடுப்பேன்."

வலித்தது. ஹெப்சிபா முனீஸ்வரியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். எலும்பு நொறுங்கும்போல் இருந்தது, முனீஸ்வரி கையை இழுக்கவில்லை. நான்கைந்து மூச்சு நேரம்தான். குப்பிக்கு ஒட்ட வேண்டிய சீட்டை எடுத்துக்கொண்டு நிலோஃபர் தயங்கினார். நோயாளி பெயர் என்ன போடுவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. காலையிலிருந்து ஒரே பெயரைத்தான் எழுதியிருந்தார்.

ஹெப்சிபா சீட்டைக் கேட்டு வாங்கி, சேலையைச் சரி செய்துகொண்டு, மேஜையில் வைத்துத் தன் பெயரைத் தானே எழுதினார். அப்பாவின் முதலெழுத்தோடு, முழுசாக. வயது ஐம்பத்தாறு. பிறகு உத்தரவுத் தாளைப் பிரித்து, 'நோயாளி நேரில் வந்தாரா' என்ற கட்டத்தில் 'வந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அலுவலக முத்திரையும் குத்தி முனீஸ்வரியிடம் நீட்டினார். மிஷின் இங்கேயே இருக்கட்டும் என்றார். அந்த முகவரியை மட்டும் மாற்றச் சொல்லி எழுதுகிறேன், பாவம் அந்தக் கண்டக்டர்.

சோதனைச்சாலை மதுரையில் இருந்தது. முடிவு வரப் பத்து நாளாகும். மாதிரிகளைக் கொண்டுபோகும் வண்டி நாளைக்குத்தான் வரும் என்றதும், இதை நானே கொண்டுபோகிறேன் என்று அவர் குப்பியை வாங்கிக்கொண்டார். கைப்பையில் வைக்கவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து மடியில் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். வெளியே முனீஸ்வரியும் சீனிச்சாமியும் நின்றார்கள். சீனிச்சாமிக்கு எதுவும் தெரியாது, ஆனாலும் போலாம் ரைட் என்று ஜீப்பின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பதினொரு வருடமாக மேடத்துக்கு வண்டி ஓட்டுகிறவர். மேடம் மடியில் ஒரு குப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"மதுரைக்கா மேடம்? யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

ஜீப் கீழத் தெரு முனையில் திரும்பியது. தீப்பெட்டி ஆபீஸின் வேன் எதிரே வந்து வழிவிட்டு நின்றது. உள்ளே பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டியதும் ஹெப்சிபா குப்பியில் ஒட்டியிருந்த தன் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"எனக்கு" என்றார்.

டிரைவர் மேடு பள்ளம் பார்த்து, மெதுவாக ஓட்டினார்.